வந்தவன் மரம்

லெப்பாலக்தி
14 ஜூன் 1983

தங்கை சைமிக்கு,

நம் வைனோவைக் கொன்றுவிட்டார்கள். கூய்க்கா முனையில், அவன் மரத்துக்கு எதிரே ஒரு பலகை நட்டு, பச்சைச் சாயம் அடித்து, வெள்ளை எழுத்தால் கொன்றிருக்கிறார்கள். "தெப்பக்காரர் வைனோ பெசோனன் நினைவு மரம். 1931ஆம் ஆண்டு இவ்விடத்தில் நீரில் மூழ்கி இறந்தார்." செய்தது ஊர்ப் பழமைச் சங்கம். வாசகம் எழுதியது அதன் செயலாளர், புதிதாக வந்த ஆசிரியர் லியெவோனன்.

நான் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறேன். இடது கண் இன்னும் மங்கல்தான். அந்தப் பலகையைப் படிக்க வலது கண்ணே போதுமாயிருந்தது. உன் கைவலி எப்படி? மகள் ரித்வாவுக்கு ஆலையில் இன்னும் இரவு வேலைதானா?

வருஷா வருஷம் போவதுபோல ஏமெலியின் படகில் மரத்தைப் பார்க்கப் போனோம். பலகையை முதலில் பார்த்தவன் அவன்தான். "கேப்டனே, உன் தம்பி செத்து அம்பத்திரண்டு வருஷமாச்சாம். அப்போ அதுக்கப்புறம் ஏழு வருஷம் நம்ம தெப்பத்துல உக்காந்து என் புகையிலையத் திருடினது யாரு?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். நல்ல பையன்தான், நாற்காலி போட்டான். முதலெழுத்து இருக்கிறது, வருஷம் இருக்கிறது, கிளைகளைக் கழித்திருக்கிறார்கள், புத்தகத்தில் நினைவு மரத்துக்குச் சொன்ன அடையாளம் எல்லாம் பொருந்துகிறது என்றான். நான் கேட்டேன்: "உங்க புத்தகம் என்னைக்காவது தெப்பத்துல ஏறியிருக்கா?"

அவனுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன், சங்கத்துக்கு நீ எழுதும்போது உதவும். கழித்த மரம் இரண்டு வகை. இறந்தவன் மரம் தேவாலயத்துக்குப் போகும் வழியில் நிற்கும். சிலுவை வெட்டியிருக்கும், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருக்கும். கல்லறையிலிருந்து செத்தவன் எழுந்து வந்தால் அந்த மரம் வரை வருவான், அதைத் தாண்டி வீட்டுக்குத் திரும்ப மாட்டான். அதற்காகத்தான் அதை வெட்டுவதே. வந்தவன் மரம் வேறு. ஒருவன் முதன்முதலாக அந்த முனையைக் கடக்கும் நாளில் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்காகக் கழிப்பது. சிலுவை கிடையாது. ஒரே ஒரு ஆண்டு. தண்ணீர்ப் பக்கம் ஒரு கிளையை விட்டுவைப்பார்கள். அது பச்சையாக இருக்கும்வரை அவன் எங்கே இருந்தாலும் உயிரோடு இருக்கிறான்.

வந்தவன் மரத்தை இறந்தவன் மரம் என்று எழுதினால் வைனோ அதை எப்படித் தாண்டித் திரும்பி வருவான்? இதை யோசித்தானா அந்த ஆசிரியன்?

கிளை பச்சையாகத்தான் இருக்கிறது. இந்த வருஷம் நுனியில் ஒரு விரல் நீளம் புதிதாக விட்டிருக்கிறது.

நீயும் என் இழுவைப் படகு லோக்கியில் இருந்தவள். சாட்சியாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

உன் அண்ணன்
ஆகுஸ்தி

*

எஸ்கில்ஸ்தூனா
29 ஜூன் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கோபம் உங்களுக்கு மருந்து மாதிரி, அது இருந்தால் நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கண்ணை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். எனக்குக் கைவிரல் மூட்டுகளில்தான் தொந்தரவு. ரித்வாவைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே ஸ்ட்ராபெர்ரி வந்துவிட்டது, ஆனால் நம் ஊர் மணம் இல்லை.

பலகையைப் பற்றி என்ன சொல்ல? அது ஒரு பலகை, அண்ணா. இரண்டு பனிக்காலம் போனால் எழுத்து உதிர்ந்துவிடும். அந்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். இந்த வயதில் நீங்கள் அதற்காக வெயிலில் அலைய வேண்டாம்.

மத்தியகோடைப் பண்டிகைக்கு ஏமெலி வந்திருந்தாரா? அவருடைய இருமல் எப்படி? மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
சைமி

*

லெப்பாலக்தி
8 ஜூலை 1983

தங்கை சைமிக்கு,

நான் நலம். நீ அனுப்பியது நாலு பக்கம் பிடிக்கும் உறையில் ஒரு பக்கக் கடிதம். கையெழுத்துப் போட்ட சாட்சியைத் தேடி உறையைக் கிழித்தே பார்த்துவிட்டேன். இல்லை.

வயதானதால் மறந்திருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். 1931 ஜூன். அந்தக் கோடைதான் நீ லோக்கியில் முதன்முதலாகச் சமையலுக்கு வந்தது. வைனோ அதற்கு முன் மூன்று கோடை ஆற்றில் இருந்தவன். ஒற்றைக் கட்டை மேல் நின்று, கொக்கிக் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஆற்றுப் பாய்ச்சலில் இறங்கி வருவான். கரையில் பெண்கள் நின்றால் கட்டையைக் காலால் சுழற்றிக் காட்டுவான். ஆனால் ஏரிக்கு அவன் புதியவன். ஆற்றுவாயில் கட்டைகளைத் திரட்டி வளையம் கட்டி, ஆறாயிரம் கட்டையை இழுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஒரு மணிக்கு ஒரு கிலோமீட்டர். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் கரையோரமாகத் தேவாலயத்துக்கு நடந்து போனது. பூசை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோதும் நாங்கள் அதே பண்ணைக்கு எதிரேதான் இருந்தோம். வைனோ தெப்பத்திலிருந்து கத்தினான்: "அண்ணே, இழுக்குறியா, இல்ல நங்கூரம் போட்டுட்டுத் தூங்குறியா?" பண்ணைக்காரர்கள் வரை சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் கூய்க்கா முனை. வேகத்தைக் குறைத்தேன். ஏமெலி சிறு படகில் போய்ப் பைன் மரத்தில் ஏறிக் கிளை கழித்தான். முதலெழுத்தை நான் வெட்டினேன். புதியவன் எல்லோருக்கும் காப்பி கொடுக்க வேண்டும், அதுவரை மரம் அவனுடையது ஆகாது, அதுதான் முறை. அவனிடம் காப்பிக்கொட்டை இல்லை. உன் டப்பாவில் இருந்ததைக் கேட்டான். "இந்த ஆளுக்கு மரம் ஒரு கேடா" என்று சொல்லிக்கொண்டே வறுத்து, அரைத்து, போட்டுக் கொடுத்தது நீ. ஆளுக்கு ஒரு கோப்பை ஊற்றியதும் நீ. சாட்சி வேறு யார் இருக்கிறார்கள்?

ஏமெலிக்கு இருமல் அப்படியேதான். பேச்சும் அப்படியே. எழுது.

ஆகுஸ்தி

*

எஸ்கில்ஸ்தூனா
2 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மறக்கவில்லை. அந்தக் காப்பியில் பாதி சிக்கரி, யாருக்கும் தெரியாது.

விரல் வலிப்பதால் நீளமாக எழுத முடியவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சின்ன அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?

சைமி

*

லெப்பாலக்தி
11 ஆகஸ்ட் 1983

சைமிக்கு,

எதைக் கொண்டா? கிளையைக் கொண்டுதான். நாற்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் போய்ப் பார்க்கிறேன். போர் நடந்த கோடைகள் மட்டும் விட்டுப்போயின. இரண்டே குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன் நான். வரைபடம் படிக்கவும் காற்றழுத்தமானி பார்க்கவும் யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்தே கற்றேன். இதையும் அப்படித்தான் படிக்கிறேன். நீ நலமா என்று கேட்க மறந்துவிட்டேன். நலமா?

ஆசிரியரிடம் மறுபடி போனேன். இந்த முறை கொஞ்சம் நெளிந்தான். வைனோ இப்போது இல்லை என்று விஷயம் தெரிந்த ஒருவரே சங்கத்துக்கு எழுதியிருக்கிறாராம். பெயர் சொல்ல மாட்டானாம். "லோக்கியில வேலை செஞ்சவங்கதான் ஐயா, அவ்வளவுதான் சொல்வேன்" என்றான். இல்லை என்று அவர் எழுதினாராம். மரத்தைப் பார்த்துவிட்டு, மூழ்கினார் என்பதை இவனாகச் சேர்த்துக்கொண்டானாம்.

லோக்கியில் வேலை செய்தவர்களில் மிச்சம் நானும் ஏமெலியும்தான். நான் எழுதவில்லை. நேராக அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நான் பேர் எழுதினாலே நாலு தப்பு வரும், சங்கத்துக்கு நான் கடுதாசி எழுதினேனா?" என்றான். நம்பவில்லை. அத்தனை வருஷம் என் கொதிகலனுக்கு விறகு போட்டவன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான். அவன் மேசையில் இருந்த என் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகுஸ்தி

*

லெப்பாலக்தி
20 செப்டம்பர் 1983

சைமிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. விரல் வலி என்றால் ரித்வாவிடம் சொல்லி இரண்டு வரி எழுதச் சொல். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. உருளைக்கிழங்கை எடுத்துவிட்டேன். ஏமெலி வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

நான் கிளையைப் பற்றி எழுதியதுதான் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல். இல்லை, 1938ஐ மனத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாய் என்றால் அதையும் சொல். அதைப் பற்றி நாம் எழுதிக்கொண்டதே இல்லை. நடந்தது இதுதான். அக்டோபர், அந்த வருஷத்தின் கடைசித் தெப்பம். பெரிய நீர்ப்பரப்பில் பாதி வந்தபோது காற்று எழுந்தது. மழை. தெப்பத்தில் இருக்கிறவன் ஆபத்து என்று கண்டால் மழைக்குப் போடும் மஞ்சள் எண்ணெய்ச் சட்டையைக் கம்பில் கட்டித் தூக்கிக் காட்ட வேண்டும், இழுக்கிறவன் உடனே தீவு மறைவுக்குத் திரும்ப வேண்டும். அப்படி ஒன்றும் காட்டப்படவில்லை. கட்டைகளைச் சுற்றியிருந்த சங்கிலி அறுந்தது. எட்டாயிரம் கட்டை நாணல் முழுக்கச் சிதறியது, திரட்ட மூன்று வாரம் ஆனது. சங்கிலியைப் பார்த்துக்கொள்வது வைனோவின் வேலை. கம்பெனி ஆள் கேட்டார், இதைத்தான் சொன்னேன். அவனை நீக்கியது கம்பெனி, நான் இல்லை. அவன் கப்பலேறி வெளிநாடு போனது அவன் முடிவு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆகுஸ்தி

*

எஸ்கில்ஸ்தூனா
15 அக்டோபர் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். விரல்களும் பரவாயில்லை. விரல்தான் காரணம் என்று சொன்னது பாதிப் பொய்.

முதலில் ஏமெலியிடம் போங்கள். அவர் எழுதவில்லை. லோக்கியில் வேலை செய்தவர்களில் மிச்சம் இரண்டு பேர் என்று எண்ணினீர்கள். நானும் இரண்டு கோடை அங்கே ஒரு நாளைக்கு ஐந்து வேளை சமைத்திருக்கிறேன். உங்களுக்கு என் நினைவே வரவில்லை. வந்திருந்தால் ஆகஸ்டிலேயே பிடித்திருப்பீர்கள்.

சங்கத்துக்கு எழுதியது நான். பழைய படங்கள் கேட்டு அந்த ஆசிரியர் எழுதியிருந்தார், வை.பெ. யார் என்றும் கேட்டிருந்தார். என் அண்ணன், இப்போது இல்லை என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அதை நான் காகிதத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. முகம் தெரியாதவருக்கு எழுத முடிந்தது.

சின்ன அண்ணன் 1961 பிப்ரவரி 3ஆம் தேதி போர்ட் ஆர்தரில் இறந்துபோனார். நுரையீரல். அவர் தங்கியிருந்த விடுதிக்கார அம்மாள் எழுதினாள். அவள் மகன் ரெய்னோ இன்றும் எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறான். கடிதம் வந்த வாரத்தில் ஹெல்வி அண்ணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அண்ணியின் அடக்கம் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். முடிந்தது. அடக்கத்துக்குப் பிறகு நீங்கள் எழுதிய முதல் கடிதம் ஜூனில் வந்தது. அதில் மூன்று வரிதான். "வீடு வெறிச்சென்று இருக்கிறது. முனைக்குப் போனேன். கிளை பச்சை." அதற்கு நான் என்ன பதில் எழுதியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருஷமும் கிளை பச்சை. அதற்கடுத்த வருஷமும். அவர் போனபின் இருபத்து மூன்று ஜூன் கடிதங்கள், எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அவர் வருஷத்துக்கு இரண்டு முறை எனக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார். உங்களுக்கு அது தெரியும் என்றும் எனக்குத் தெரியும். அண்ணன் கேட்டால் எல்லாம் சொல், கேட்காவிட்டால் விட்டுவிடு என்று எழுதியிருந்தார். நீங்கள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை, அண்ணா. மரத்திடம் கேட்டீர்கள்.

உங்கள்
சைமி

*

எஸ்கில்ஸ்தூனா
21 நவம்பர் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு ரித்வா என்னை ஜன்னல் பக்கம் போக வேண்டாம் என்கிறாள்.

அங்கே ஏரி உறைந்துவிட்டதா? அடுப்புக்கு விறகு இருக்கிறதா? ஏமெலிக்குப் போன் செய்தேன். உங்கள் புகைபோக்கியில் தினமும் புகை வருகிறது என்று மட்டும் சொன்னார். "உயிரோடதான் இருக்கான், அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன். என் கோப்பையக்கூட எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். உங்கள் கோப்பை அவருடையதாம்.

சைமி

*

எஸ்கில்ஸ்தூனா
12 டிசம்பர் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். ரித்வா கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள், தனிப் பொட்டலமாக வரும்.

நீங்கள் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமலே அனுப்புகிறேன். இது அவருடைய கடைசிக் கடிதம். தொலைத்துவிடாதீர்கள்.

சைமி

*

போர்ட் ஆர்தர்
9 நவம்பர் 1960

அன்புத் தங்கை சைமிக்கு,

இருமல்தான் கூட வருகிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் குழந்தையும் நலமா? இங்கே படகுகளைக் கரையேற்றிவிட்டோம். இந்தக் கோடையும் இழுவைப் படகில்தான் ஓடியது. இந்த ஏரி நம்முடையது மாதிரி இல்லை, அக்கரை தெரியாது. ஆனால் தெப்பம் தெப்பம்தான், இதே ஆமை வேகம். என்னிடம் சுக்கானைக் கொடுத்து ஆறு வருஷமாகிறது. பின்னால் இருந்து பையன்கள் "இழுக்குறியா, தூங்குறியா" என்று கத்தும்போது அண்ணன் முகம்தான் ஞாபகம் வரும். அப்போது அவனுக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உனக்கு ஒன்று சொல்லவேயில்லை. 1956இல் இங்கே ஒரு முனையில் ஒரு பைன் மரம் கழித்தேன். அண்ணன் பேருக்கு. ஆ.பெ. என்று வெட்டி, தண்ணீர்ப் பக்கம் ஒரு கிளை விட்டுவைத்திருக்கிறேன். முறைப்படி தப்பு, அவன் இந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. தெரிந்தால் சண்டைக்கு வருவான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்துக்கொள்வேன். பச்சையாக இருக்கிறது. சரி, இன்னும் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அக்டோபரைப் பற்றிப் பல தடவை யோசித்துவிட்டேன். நான் எண்ணெய்ச் சட்டையைத் தூக்கினேன். இரண்டு தடவை. ஆனால் மழை கனமாக இருந்தது. அவன் பார்த்திருக்க மாட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும். கேட்டால் இதைச் சொல். கேட்காவிட்டால் விட்டுவிடு.

டாக்டர் குளிர்காலம் முழுக்கப் படுத்திருக்கச் சொல்கிறார். அது அவருக்குத்தான் சுலபம்.

வைனோ

*

லெப்பாலக்தி
7 பிப்ரவரி 1984

தங்கை சைமிக்கு,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. உள்ளே இருந்ததும் வந்தது. காலுறை பொருந்துகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்டோபரிலிருந்து யாரிடமும் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

வைனோவின் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், என் கண்ணுக்கு எட்டவில்லை. ஒரு மாதம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கோப்பையையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பனிமேல் நடந்து ஏமெலி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான். "வா கேப்டனே. காப்பி ஆறிப்போச்சு, ஆகஸ்ட்லேருந்து வச்சிருக்கேன்" என்றான். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததும் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டான்.

அவன் மெதுவாகத்தான் படிப்பான். எண்ணெய்ச் சட்டை வந்த இடத்தில் நிறுத்திவிட்டான். என்னைப் பார்க்கவில்லை.

"நான் பாத்தேன்டா" என்றேன்.

"தெரியும். கொதிகலன்லேருந்து தலைய நீட்டி, தெப்பத்துல மஞ்சளா ஆட்டுறான்னு சொன்னதே நான்தானே."

"அப்போ நாப்பத்தஞ்சு வருஷமா ஏன் வாயத் திறக்கல?"

"நீ திறப்பேன்னு பாத்தேன்" என்றான். மிச்சத்தையும் படித்து முடித்தான்.

மழை அவ்வளவு கனமாக இல்லை, சைமி. சட்டை மஞ்சள், தண்ணீர் கறுப்பு. இரண்டு தடவை மேலே போனது, இரண்டு தடவையும் பார்த்தேன். அன்று காலை எல்லோர் முன்பும் அவன் காற்று எழும், பொறுத்துப் போகலாம் என்றான். நான்தான் கிளம்பு என்றேன். திருப்பியிருந்தால் அவன் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். அதற்காகத் திருப்பவில்லை. பிறகு சைகை இல்லை என்று கம்பெனி ஆளிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்கும் செப்டம்பரில் அதையே எழுதினேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவன் போயிருக்கிறான். நினைத்தானோ, எனக்காக அப்படி எழுதினானோ தெரியவில்லை. அவனிடம் கேட்க முடியாது. உன்னிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

நீ மறைத்ததற்கு என்னிடம் கோபம் இல்லை. சிக்கரிக்கு இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது.

ஆசிரியர் லியெவோனன் பனி உருகியதும் அந்தப் பலகையை எடுத்துவிட வேண்டும். புதிய பலகையின் வாசகம் நான் எழுதிக் கொடுத்தாகிவிட்டது: "1931 ஜூனில் வைனோ பெசோனன் முதன்முறையாக இந்த முனையைக் கடந்தபோது தோழர்கள் அவருக்காகக் கழித்த மரம். இங்கே யாரும் மூழ்கவில்லை." ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவன் ஒத்துக்கொண்டான்.

சங்கம் போடப்போகிற நினைவுப் புத்தகத்தில் 1938 அக்டோபர்த் தெப்பத்தைப் பற்றி எழுதினால், தெப்பத்திலிருந்து சைகை காட்டப்பட்டது, படகை ஓட்டிய ஆகுஸ்தி பெசோனன் பார்த்தும் திரும்பவில்லை என்று எழுத வேண்டும். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சியாக ஏமெலியும் போட்டிருக்கிறான், பேரில் ஒரே ஒரு தப்புதான்.

ஏமெலி ஜூனுக்குள் படகு இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். போன வருஷம் மாதிரி பாதி வழியில் துடுப்புப் போட முடியாது.

ரித்வா உனக்குக் கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டும், மத்தியகோடைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் வருவதுபோல. நீ ரப்பர் காலணி கொண்டு வா, முனையில் சேறு. வைனோவின் கடிதங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு வா, தபாலில் போடாதே. வரிசையாக நீ படிக்க வேண்டும், நான் கேட்க வேண்டும்.

அந்த ரெய்னோவுக்கு நீ எழுது. அங்கே ஆ.பெ. மரத்தின் கிளை எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பச்சையாகத்தான் இருக்கும். காய்ந்திருந்தால், ஆள் இன்னும் இருக்கிறான் என்று அவனையே மரத்திடம் சொல்லச் சொல்.

இந்த மரத்தின் கிளையை யாரும் தொடக் கூடாது. கிளையையும் வெட்டிச் சிலுவை போட வேண்டாமா என்று ஆசிரியர் கேட்டான். அது இறந்தவன் மரத்துக்கு. இது வந்தவன் மரம். வந்ததை யாரும் இல்லையென்று ஆக்க முடியாது.

காப்பி என் வேலை. எனக்கென்று ஒரு மரம் கழித்து இருபத்தெட்டு வருஷமாகிறது, கழித்தவனுக்கு நான் இன்னும் காப்பி கொடுக்கவில்லை. கொட்டை வாங்கி வைத்துவிட்டேன், நல்ல கொட்டை, சிக்கரி கிடையாது. முனையில் நெருப்பு மூட்டி நானே வறுக்கிறேன். உனக்கு ஒன்று, ஏமெலிக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஐந்தாவது கோப்பையை நீ ஊற்று. அவனுக்கு நீ ஊற்றினால்தான் பிடிக்கும்.

உன் அண்ணன்
ஆகுஸ்தி